கேம்பர் வேன் சாவியை வாங்கும் முன்: நியூசிலாந்தில் தனியாக ஓட்டியவளின் அனுபவம்

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வாடகை வண்டியான கேம்பர் வேன் எடுத்துக்கொண்டு நியூசிலாந்தின் தென்தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். கூட யாரும் இல்லை, நான் மட்டும்தான். கிளம்புவதற்கு முன் தமிழில் தேடியபோது ஏரிப் படங்களும் பனிமலை வீடியோக்களும் ஏராளமாகக் கிடைத்தன. அந்த ஊர் அழகைப் பற்றி அவற்றில் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கும், ராத்திரியில் வேனின் பேட்டரி இறங்கிவிட்டால் என்ன ஆகும், வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்த பிறகு கிரெடிட் கார்டிலிருந்து எப்படிப் பணம் போகும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்கு நடந்தது. அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன். வேன் எடுக்க நினைக்கிறவர்கள், முக்கியமாகத் தனியாகப் போக நினைக்கிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது 2025 ஏப்ரல் கடைசியில். அங்கே அது இலையுதிர் காலம். டிசம்பர், ஜனவரியில் கேட்கிற வாடகையைவிட நன்றாகவே குறைவு: இரண்டு பேர் படுக்கக்கூடிய டீசல் வேன், நாளுக்கு 95 நியூசிலாந்து டாலர். ஒரு டாலர் ஏறக்குறைய 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலும் வாடகைக் காரும் தனித்தனியாக எடுப்பதைவிட இது மலிவாகத்தான் வந்தது. ஆனால் இந்த 95 வெறும் ஆரம்பம். இன்சூரன்ஸுக்கு நாளுக்கு 45 டாலர் சேரும். டீசல் வண்டி என்றால் ஆர்.யூ.சி. என்று ஒரு சாலை வரி வேறு. அந்த நாட்டில் பெட்ரோலுக்கான வரி பம்பு விலையிலேயே சேர்ந்திருக்கிறது. டீசலுக்கு அப்படி இல்லை, ஓடிய கிலோமீட்டருக்கு அரசுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இந்த மாதிரி வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். வாடகைக் கம்பெனிகள் அதன்மேல் தங்கள் பங்கையும் கொஞ்சம் வைத்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று வசூலிக்கின்றன. 2,100 கிலோமீட்டர் ஓட்டிய எனக்கு 176 டாலர் வந்தது. பம்பில் டீசல் மலிவாகத் தெரிவதை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இதையும் சேர்த்துப் பெட்ரோல் வேனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ஊர் கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. டெபாசிட்டுக்கு என் கம்பெனி டெபிட் கார்டை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் எதுவும் வாங்காவிட்டால் 5,000 டாலர் டெபாசிட், அதாவது இரண்டரை லட்ச ரூபாய். சில கம்பெனிகள் அந்தத் தொகையைக் கார்டில் நிறுத்தி வைக்கும். சில கம்பெனிகள் நிஜமாகவே எடுத்துக்கொண்டு, பயணம் முடிந்த பிறகு திருப்பிப் போடும். எடுத்துத் திருப்பினால் போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது ஒரு மாற்று விகிதம். அதோடு நம் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கென்று எடுக்கும் 3.5 சதவீதக் கட்டணமும் சேர்ந்தால் ஒன்றும் செய்யாமலே சில ஆயிரங்கள் காணாமல் போகும். 'நிறுத்தி வைப்பீர்களா, எடுப்பீர்களா' என்று முன்பதிவுக்கு முன்பே மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓ.டி.பி. வருகிற சிம்முக்கு ரோமிங்கும் போட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸ் விஷயத்தில் கவலை வேண்டாம். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே செல்லும். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று, விமான நிலையத்தில். பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் என்று எது கொண்டுபோனாலும் பயண அறிவிப்புப் படிவத்தில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டுவிடுங்கள். சொல்லிவிட்டால் பிரித்துப் பார்த்துவிட்டுத் தருவார்கள், ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் போய் மாட்டினால் நின்ற இடத்திலேயே 400 டாலர் அபராதம். என் பருப்புப் பொடி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகை டிப்போ. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத பயணம், எனக்குப் பின்னால் குழந்தைகளோடு குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. வண்டியைப் பற்றிய வீடியோவை ஒரு டேப்லெட்டில் ஓட்டிக் காட்டினார்கள், அதே டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார்கள், சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சேதக் குறிப்புக்கென்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் வேனின் முன், பின், இரண்டு பக்கம் என்று நான்கு கோட்டுப்படங்கள். நான் வண்டியைச் சுற்றி வந்து கீறல், சிராய்ப்பு, டயர், கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன், தாளிலும் குறித்தேன். கூரைக்குப் படமே இல்லையே என்று கேட்டேன். வேன் இரண்டரை மீட்டர் உயரம், கீழே நின்றால் மேலே ஒன்றும் தெரியாது. 'அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், கவலைப்படாதீர்கள்' என்றார் ஊழியர். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்றால், ஏணி கேளுங்கள். டிப்போவில் ஏணி இல்லாமல் இருக்காது, திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் ஏறிப் பார்ப்பது அதில்தான். ஏணி தராவிட்டால் செல்ஃபி ஸ்டிக்கில் போனை மாட்டி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூரையின் நான்கு மூலைகளையும் வீடியோ எடுங்கள். அதே ஸ்டிக்கை வண்டிக்கு அடியிலும் விட்டு எடுங்கள். எடுத்ததை வாசலைத் தாண்டுவதற்கு முன் கம்பெனியின் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அவர்கள் பக்கமும் பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். ஊழியர் வாயால் சொல்வதையும் 'கூரையைப் பற்றி இன்னார் இப்படிச் சொன்னார்' என்று அந்த மெயிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் சாட்சி. தனியாகப் போகிறவருக்கு அந்த மெயில்தான் சாட்சி.

கூரை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாளுக்கு 45 டாலர் வாங்கிக்கொண்டு 'முழுப் பாதுகாப்பு' என்று விற்கிற இன்சூரன்ஸில் கூரையும் அடிப்பாகமும் சேர்த்தி இல்லை. என் ஒப்பந்தத்தில் அது எங்கோ நடுவில், விலக்குகள் என்ற தலைப்பின்கீழ் இருந்தது. பக்கவாட்டில் இடித்தால் காசில்லை, முன்கண்ணாடி உடைந்தால் காசில்லை. மரக்கிளை கூரையில் உரசினால் முழுச்செலவும் நம்முடையது. தவறான எரிபொருள் போட்டால், ஆற்றில் இறக்கினால், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால், எல்லாம் நம் செலவு. போகக் கூடாத சாலைகள் என்றும் ஒரு பட்டியல் உண்டு: குயின்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் கேன்யன், மவுன்ட் குக் பக்கம் பால் ஹட் சாலை, வடதீவில் நைன்ட்டி மைல் பீச். அங்கே போனால் இன்சூரன்ஸே இல்லாத மாதிரிதான். சில கம்பெனிகள் வானாகாவிலிருந்து குயின்ஸ்டவுன் போகும் கிரவுன் ரேஞ்ச் சாலையையும் சேர்த்திருக்கின்றன. கூகுள் மேப் அந்தக் குறுக்கு வழியைத்தான் முதலில் காட்டும், ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் குரோம்வெல் வழியாகச் சுற்றித்தான் போனேன். பின்னால் எடுக்கும்போது நமக்கு 'வா, வா, நில்லு' என்று சொல்ல ஆள் கிடையாது. ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பின்பக்கமும் மேலே கிளையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். நேரம் ஆகும், ஆகட்டும்.

முதல் ராத்திரி டெகாபோவில், வேன்களை நிறுத்தித் தங்குவதற்கான மின்இணைப்புள்ள முகாமில் தங்கினேன், நன்றாகத் தூங்கினேன். அடுத்த நாள் புகாகி ஏரியை ஒட்டியே போய் ஆவோராகி மவுன்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் நிறுத்தினேன். வனத்துறை நடத்தும் இடம். மின்சாரம் கிடையாது, ஆனால் 3,724 மீட்டர் மலை கண்ணெதிரே நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ரசம் சாதம் வைத்துச் சாப்பிட்டு, டீசல் ஹீட்டரைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். விளக்கு மங்கியது. குழாயைத் திறந்தால் பம்பு முனகுகிறது, தண்ணீர் வரவில்லை. அப்புறம் ஹீட்டர் நின்றுவிட்டது. அதன் சின்னப் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சுவரில் உள்ள அளவுப்பலகையைப் பார்த்தேன், 11.3 வோல்ட். டீசல் ஹீட்டர்தானே, டேங்கில் டீசல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அதைப் பற்றவைப்பதற்கும் காற்றைத் தள்ளுகிற விசிறிக்கும் பேட்டரி வேண்டும். பேட்டரி போனால் வெளிச்சம், தண்ணீர், சூடு மூன்றும் ஒரேயடியாகப் போய்விடும்.

அந்த ராத்திரி பயந்தேன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் என் மூச்சு படிந்து சொட்டியது, விடியற்காலையில் அதுவே உறைந்து வெள்ளையாகிவிட்டது. கொண்டுபோன உடுப்பு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன், இரண்டு சாக்ஸ், தலைக்குச் சால்வை. கால் சூடாகவே மாட்டேன் என்றது. திருச்சியில் பிறந்து வளர்ந்த உடம்பு இது. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து உள்ளே கொஞ்சம் சூடேற்றலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். மூடிய வேனுக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நான் ஜன்னலைத் திறந்துவைத்து, முழித்திருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்தேன். தண்ணீரை எஃகு பாட்டிலில் ஊற்றி, துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டேன். பாட்டில் ஆறினதும் மறுபடி அதே வேலை. பக்கத்து வேனில் ஒரு வயதான தம்பதி. காலையில் என் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா என்ன ஏது என்று கேட்டுத் தேநீர் கொடுத்தார். 'ராத்திரியே கதவைத் தட்டியிருக்கலாமே, இங்கே எல்லாரும் அப்படித்தான்' என்றார். தனியாகப் போகிற பெண்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முகாமில் வண்டியை நிறுத்தியதும் பக்கத்து வண்டிக்காரர்களிடம் நாலு வார்த்தை பேசி வையுங்கள், ராத்திரி தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும்.

அந்தக் கணவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். கேம்பர் வேனில் இரண்டு பேட்டரி: எஞ்சினை இயக்க ஒன்று, வீட்டுச் சாமான்களுக்கு ஒன்று. டிப்போவில் வண்டியை ராத்திரி முழுக்க மின்சாரத்தில் செருகி வைத்திருப்பார்கள். அதனால் சாவி வாங்கும்போது அளவு 13 வோல்ட் காட்டும், செத்துப்போன பேட்டரியும் அந்த நேரத்தில் 13 காட்டும். நல்ல பேட்டரி என்றால் வயரைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்தும் 12.6, 12.7 நிற்க வேண்டும். 12.2க்கு வந்தால் பாதி காலி, 12க்குக் கீழே போனால் நெருக்கடி. ஆகவே டிப்போவிலேயே வயரைப் பிடுங்கச் சொல்லி, ஹீட்டர், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேப்பர் வேலை முடியும்வரை கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அதற்குள் 12.3க்குச் சரிந்தால் வேறு வண்டி கேளுங்கள். வண்டி கையில் வருகிற அந்த நேரத்தில்தான் நம் பேச்சு எடுபடும். 300 கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் போன் செய்தால் எடுபடாது.

போன் செய்தேன். 'நன்றாக ஓட்டுங்கள், சார்ஜ் ஏறும்' என்றார்கள் கம்பெனியின் உதவி எண்ணில். ஓட்டினேன், ஏறவில்லை. மறுபடி போன் செய்தபோது குயின்ஸ்டவுனில் ஒரு பணிமனையைக் காட்டினார்கள். ஆனால் அந்த வாரம் ஏப்ரல் 25, அன்சாக் நாள், போர்வீரர்களை நினைவுகூரும் தேசிய விடுமுறை. அது வெள்ளிக்கிழமை, ஒட்டிச் சனி, ஞாயிறு. திங்கட்கிழமைதான் பேட்டரி மாற்ற முடியும் என்றார்கள். அதுவரை ட்வைசல், குயின்ஸ்டவுன் என்று மின்இணைப்புள்ள தனியார் முகாம்களிலேயே தங்க வேண்டியதாயிற்று. ராத்திரிக்கு 60 டாலர் வரை கொடுத்தேன், வனத்துறை முகாம்களுக்குப் போட்டு வைத்திருந்த பணத்தைப் போல அது பல மடங்கு. ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். ஒவ்வொரு போனுக்குப் பிறகும் 'இப்போது பேசியதில் நீங்கள் சொன்னது இது' என்று மெயில் அனுப்பினேன், அளவுப்பலகையின் படத்தோடு. முகாம் ரசீதுகளையும் பத்திரப்படுத்தினேன். விடுமுறை நாட்களை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விடுமுறை என்றால் பணிமனைகள் நிஜமாகவே மூடியிருக்கும்.

ட்வைசலிலிருந்து கிளம்பின அன்று லிண்டிஸ் கணவாய். 971 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் காய்ந்த புல் மூடிய குன்றுகள் பொன்னிறத்தில் மடிப்பு மடிப்பாகப் போகின்றன. உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே கொஞ்சம் ஏறிப் பார்க்க இடம் இருக்கிறது. ஏறி, கீழே நிற்கிற என் வேனும் சாலையும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம் எடுத்து ஊரிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். இதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு மில்ஃபோர்டு சவுண்ட் போய் வந்தேன். டே அனாவ் ஊரைத் தாண்டினால் அந்த 120 கிலோமீட்டர் சாலையில் பெரும்பகுதி சிக்னல் இல்லை. டீசலை டே அனாவிலேயே போகவர சேர்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். ஹோமர் சுரங்கத்துக்கு முன்னால் வண்டிகள் நிற்கிற இடத்தில் கியா என்கிற மலைக்கிளிகள் வந்து கதவு ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். அழகாக இருக்கிறது என்று வேடிக்கை பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள், ரப்பர் போனால் அதற்கும் பில் வரும். மணல் ஈக்கள் கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்குப் போடாதீர்கள்.

கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். கழிப்பறை நிரந்தரமாகப் பொருத்திய வேனுக்குத்தான் இப்போது 'தன்னிறைவான வண்டி' என்ற பச்சை நிறச் சான்று. எத்தனை பேருக்கு, எந்தத் தேதிவரை என்று அதில் இருக்கும். அந்தச் சான்று கேட்கிற இடங்களில் அது இல்லாமல் தங்கினால் 400 டாலர் அபராதம். அபராதச் சீட்டு கம்பெனிக்குப் போகும், அவர்கள் தங்கள் அலுவலகக் கட்டணத்தையும் சேர்த்து நம் கார்டில் எடுப்பார்கள். சான்று இருந்தாலும் ஒவ்வொரு ஊராட்சியும் எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று தனியாக வைத்திருக்கிறது. கேம்பர்மேட் ஆப்பில் பார்த்து, இடத்தில் உள்ள பலகையையும் படித்துவிட்டு நிறுத்துங்கள். கழிப்பறைத் தொட்டியைக் கொட்டுவதற்கென்று ஊருக்கு ஊர் இடம் உண்டு. கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால்தான் கஷ்டம்.

வானாகாவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போன நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். பெரும்பகுதி சிக்னல் இல்லாத வழி. ஒரு பக்கம் ஏரி, அப்புறம் காடு, மழை, பாறையிலிருந்து சாலைக்குப் பக்கத்திலேயே விழுகிற அருவிகள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருந்தேன். எத்தனை மணிக்கு எங்கே இருப்பேன் என்று அக்காவுக்குக் காலையிலேயே அனுப்பிவிடுவேன். சாயங்காலம் ஏழு மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் முகாமுக்குப் போன் செய்ய வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். மேற்குக் கரையில் ஒற்றைவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் நம் பக்க அம்பு சிறிதாக, சிவப்பாக இருந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். மேப் மூன்று மணி நேரம் என்று காட்டினால் வேனுக்கு நாலரை என்று போட்டுக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகம் போகலாம் என்று எழுதியிருக்கிற சாலையில் வளைவுக்கு வளைவு 35, 45 என்று மஞ்சள் பலகை இருக்கும், அதை அப்படியே மதித்து ஓட்டுங்கள். பின்னால் வண்டி சேர்ந்தால் இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். தனியாக ஓட்டுகிறவருக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தால் போதும். அதற்குமேல் போன நாட்களில் எதையும் ரசிக்கத் தெம்பு இல்லை.

ஹோகிடிகா, ஆர்தர்ஸ் பாஸ் வழியாகக் கிறைஸ்ட்சர்ச் திரும்பினேன். டிப்போவில் ஒருவர் ஏணியைப் போட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, 'முன் இடது மூலையில் ஒடுங்கியிருக்கிறது' என்றார். நான் எங்கேயும் எதிலும் உரசவில்லை. சத்தம்கூடக் கேட்டதில்லை. சொன்னேன். 'விசாரித்துவிட்டு மெயில் போடுகிறோம்' என்றார்கள். ஒத்துக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்ட இடத்தில் 'இந்தச் சேதத்தை நான் ஏற்கவில்லை, வண்டி எடுக்கும்போது கூரை எனக்குக் காட்டப்படவில்லை' என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். இதை யாரும் தடுக்க முடியாது, நீங்களும் எழுதுங்கள். ஏணியில் ஏறி அந்த மூலையை நானும் கிட்டத்தில் படம் எடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு, நடுவில் பெயின்ட் பெயர்ந்து தகடு தெரிகிறது, ஓரத்தில் பழுப்பாகத் துரு.

ஊருக்கு வந்து சில நாளில் கார்டிலிருந்து 1,840 டாலர் போய்விட்டது. ஏறக்குறைய 92,000 ரூபாய். கணக்குச் சீட்டில் ரிப்பேருக்கு 1,240, வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களுக்கு 600. வயிறு எரிந்தது. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று வீட்டில் எல்லாரும் விட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அக்காவுக்கு அனுப்பிய லிண்டிஸ் கணவாய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலேயிருந்து எடுத்ததால் கூரை முழுக்கத் தெரிகிறது. அதே மூலையில் அதே பழுப்புக் கறை. வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே துரு இருக்கிறது என்றால் அடி எப்போது பட்டிருக்கும்?

கம்பெனிக்கு எழுதிய மெயிலைச் சுருக்கமாக, வரிசை எண் போட்டு எழுதினேன். படம், தேதி, நேரம். சேதத் தாளில் கூரைக்கு இடமே இல்லை என்பது. கூரை பற்றி ஊழியர் சொன்னது. பேட்டரி பழுதான வண்டியைக் கொடுத்தது, அதற்கான மெயில்களும் முகாம் ரசீதுகளும். வாடகைக்குக் கொடுக்கும் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் சொல்கிறது, அதையும் குறிப்பிட்டேன். ரிப்பேர் செய்த பணிமனையின் அசல் பில்லையும், வண்டி எந்தெந்த நாட்கள் நின்றது என்பதற்கான ஆதாரத்தையும் கேட்டேன். பதில் இல்லாவிட்டால் அங்குள்ள தகராறு தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று முடித்தேன். அந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல்கள் வாதாட முடியாது, நாமே பேச வேண்டியதுதான். அதே நாளில் என் வங்கியிலும் 'கார்டில் எடுத்த இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை' என்று எழுத்தில் முறையிட்டேன். வங்கியில் அப்படி முறையிடுவதற்குக் கெடு உண்டு, கம்பெனி பதில் போடட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதலில் வந்தது எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி ஒரு வார்ப்புப் பதில், ஒப்பந்தத்தின் பக்க எண்ணோடு. நான் அதே மெயிலை, அதே இணைப்புகளோடு, மேலாளர் பெயருக்கு என்று மறுபடி அனுப்பினேன். பல வாரம் இழுத்து, வண்டி நின்ற நாட்களுக்கான 600 டாலரை முழுக்கவும் ரிப்பேர் தொகையில் பாதியையும் திருப்புவதாக எழுதினார்கள். அதாவது 1,220 டாலர். அசல் பில் கடைசிவரை வரவில்லை. மீதி 620 டாலருக்கும் தீர்ப்பாயம் போகலாம் என்று நினைத்தேன். விசாரணை, நேர வித்தியாசம், லீவு எல்லாவற்றையும் யோசித்து ஏற்றுக்கொண்டேன். எனக்கு இன்னமும் அது நியாயமாகப் படவில்லை. பேட்டரிக்காக ஒரு நாள் வாடகை தனியாக வந்தது, முகாம் ரசீதுகளுக்கு ஒன்றும் இல்லை. பணம் கார்டுக்குத் திரும்பியபோது மாற்று விகிதத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. போகும்போது வங்கி எடுத்த வெளிநாட்டுக் கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யும் தானாகத் திரும்பவில்லை. திருப்பப்பட்ட தொகைக்கு உரிய பங்கையாவது கொடுங்கள் என்று கம்பெனியின் மெயிலை இணைத்து வங்கிக்குத் தனியாக எழுதினேன். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அது வரவாகியிருந்தது.